புழுங்கலரிசி என்றுதான் சொன்னேன்

ஐப்பசி 9, வியாழன்

விடியுமுன்பே மழை. சிராங்கூன் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். கடைக்கு டிராம் ஆட்கள் மட்டும் வந்தார்கள். மீன் குழம்பு மிச்சம். கத்தரிக்காய் நாளைக்குத் தாங்காது.

திங்கட்கிழமை சோதனை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டை மேற்பார்க்க ஓர் ஆள் வேண்டுமாம். பெரிய டாக்டர் நேரில் கேள்வி கேட்பார். தேறினால் சர்ட்டிபிகட்டு, கையோடு வேலை. அறுபது வயதுக்காரனும் வரலாம் என்றார்கள். இங்கிலீஷ் வராதவன் துபாசி வைத்துக்கொள்ளலாம்.

துபாசியாகக் காதர் மைதீன் வருகிறான். நாகூர்க்காரன். கோர்ட்டில் தமிழ்ச் சாட்சிகள் சொல்வதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்கிற உத்தியோகம். இத்தனை வருஷமாக மத்தியானச் சாப்பாடு என் கடையில்தான். (இனி கா.மை.)

மனப்பாடம்:
காய்ச்சல் - கஞ்சித் தெளிவு, பார்லித் தண்ணீர்.
சீதபேதி - மோர். காரம் கூடாது.
நீரிழிவு - கேழ்வரகு. வெல்லம் தொடக்கூடாது.
கால் வீக்கம், பெரிபெரி என்கிறார்களே அது - புழுங்கலரிசி.

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஏலத்தில் வந்த வைத்தியப் புத்தகங்களைக் கடை மூடிய பின் எழுத்துக் கூட்டிப் படித்தவன். இங்கிலீஷில் சில சொற்கள் உண்டு. எக், மில்க், ரைஸ், சால்ட். தண்ணீருக்கு வாட்டர்.

வீட்டுக்காரி செல்லம்மா இருமிக்கொண்டே இட்லி ஊற்றினாள். புகை. "இந்தத் தடவையாச்சும் அடுப்பு அணையுமா?" என்று கேட்டாள். வேலை கிடைத்தால் கடையை மூடிவிடலாம், அணையும் என்றேன்.

ஐப்பசி 11, சனி

தூறல். கால் வலி.

கா.மை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். பதில்களை அவனிடம் ஒப்பித்தேன். எல்லாம் சரி, கால் வீக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றான். அது வீட்டுக் காற்றால் வருகிற வியாதி என்பது பெரிய டாக்டரின் கட்சியாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடி, தரையைக் கழுவு, சன்னலைத் திற என்கிறவராம்.

கடைக்கு அடுத்த தெருவில் சீனத் தச்சர்கள் தங்கும் வீடு. சயாம் வெள்ளையரிசிதான் அவர்களுக்கு. கால் வீங்கி, நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள் அதைவிட மோசமான வீட்டில் படுக்கிறார்கள். புழுங்கலரிசி சாப்பிடுகிறார்கள். வீக்கம் இல்லை. உமியோடு அவிக்கும்போது அரிசியின் குளிர்ச்சி வெளியேறிவிடுகிறது. இது என் தீர்மானம்.

கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்றேன். கா.மை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். "நீங்க சொல்லுங்கண்ணே. சொல்றது உங்க பாடு, மாத்துறது எம்பாடு."

வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி 13, திங்கள்

வெயில். கோட்டு இறுக்கம்.

டாக்டர், பக்கத்தில் இன்னொரு வெள்ளைக்காரர். நாற்காலி கொடுத்தார்கள். கேள்விகள் நல்ல கேள்விகள். பாலில் தண்ணீர் கலந்ததை எப்படிக் கண்டுபிடிப்பாய். பழைய முட்டையை எப்படி அறிவாய். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கா.மை. இங்கிலீஷில் சொன்னான். அவர்கள் தலையாட்டினார்கள்.

கடைசியில் கால் வீக்கம். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். தச்சர் வீடு, நம் ஆட்கள், நெல் அவிக்கும் விதம், குளிர்ச்சி, எல்லாம். நீளமாகவே சொன்னேன்.

கா.மை. சொன்னது இரண்டு மூச்சு.

வாட்டர் என்பது காதில் விழுந்தது. ரைஸ் விழவில்லை. காத்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. டாக்டர் சிரித்துக் கைகொடுத்துவிட்டார்.

இங்கிலீஷில் அரிசிக்கு வேறு சொல்லும் இருக்கலாம்.

ஐப்பசி 15, புதன்

தேறிவிட்டேன்! சர்ட்டிபிகட்டு கையில். என் பெயர் இங்கிலீஷில், ஒரு எழுத்து கூடுதலாக. வருகிற திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

தெருவே விசாரித்தது. வெற்றிலைக் கடைக்காரர், "வாங்க பத்தியக் கங்காணி, இனி எங்க வாயக் கட்டிடாதீங்க" என்றார். செல்லம்மா கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து வெகு நாளாகிறது.

சாப்பிட மனமில்லை. ரைஸ் வரவில்லையே.

ஐப்பசி 16, வியாழன்

கா.மை. வந்தான். இலை போடுமுன்பே கேட்டேன். புழுங்கலரிசிக்கு இங்கிலீஷில் என்ன?

தெரியும் என்றான். சொல்லியும் காட்டினான். அதிலும் ரைஸ் இருந்தது.

அன்று என்ன சொன்னாய்? சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பேன், தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவேன், சன்னலைத் திறந்து வைப்பேன் என்று நான் சொன்னதாகச் சொன்னானாம். கண் இமைக்கவில்லை.

"உங்க பதிலச் சொல்லியிருந்தா பெயிலு. சொல்லாததால பாஸு. இதுல துரோகம் எங்கண்ணே இருக்கு?"

"கோர்ட்டுல ஒருத்தன் 'நான் செய்யல'ன்னா, 'செஞ்சேன்'னு மாத்துவியா?"

"அங்க சத்தியம் வாங்குறாங்க. நீங்க வாங்கலியே."

இதற்குச் சிரிக்க வேறு செய்தான். எழுந்து போ என்றேன். சாப்பிடாமல் போனான். முதல் தடவை.

ஐப்பசி 17, வெள்ளி

மறுபடி மழை. தயிர் புளிக்கவில்லை.

செல்லம்மாவிடம் சொன்னேன். அவள் என்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று நினைத்தேன். உளுந்து களைந்துகொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் சொல்லித்தான் அவன் செய்திருக்கிறான். நான் மீன் வாங்கப் போன நேரம், பின்வாசலில் பேசி வைத்திருக்கிறார்கள்.

"நீங்க வளைய மாட்டீங்க. அதான் தம்பிய வளைச்சுச் சொல்லச் சொன்னேன்."

என் வாயில் இன்னொருவர் வார்த்தையைப் போட்டு வாங்கிய காகிதம் எனக்கெதற்கு என்றேன். எனக்கு வேணும் என்றாள். கண்ணில் புகை போய்ப் போய், இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். அதை இன்றுதான் சொல்கிறாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் சொன்னதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதானே கேட்டேன்.

ஐப்பசி 18, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். துபாசி இல்லாமல். டாக்டருக்கு மலாய் வரும் என்று வாசலில் சொன்னார்கள். எனக்கும் சந்தை மலாய் உண்டு. இது முன்பே தோன்றியிருந்தால் எவன் தயவும் வேண்டியிருந்திருக்காது.

சுண்ணாம்பு என் பதில் அல்ல, என் பதில் அரிசி, பெராஸ், என்றேன். மடியில் கொண்டுபோன புழுங்கலரிசியை மேசைமேல் வைத்தேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. ஓர் அரிசியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அரிசிதான் காரணம் என்கிற டாக்டர்களும் உண்டு, தாம் அந்தக் கட்சியில்லை என்றார். பிறகு சொன்னார்: நீ அத்தனை நேரம் பேசினாய், அவன் இத்தனூண்டு சொன்னான். அப்போதே தெரியும். கேட்க வேண்டாமென்று விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது பாலில் தண்ணீர் கலக்க விடாத ஆள். அரிசியெல்லாம் மேலே முடிவாகிற விஷயம். வெள்ளையரிசி வரும், அதை நல்லபடியாக ஆக்கிப் போடு.

இவருமா.

கால் வீங்கினவனுக்கும் அதேதானா என்று கேட்டேன். அதேதான் என்றார். அப்படியானால் என் கையால் போட மாட்டேன் என்றேன். வீட்டுக்குப் போய் யோசி, திங்கட்கிழமை காலை வரை இடம் உன்னுடையது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

மூன்று பேர் கூடி எனக்கு நல்லது செய்திருக்கிறார்கள். என்னை மட்டும் கேட்கவில்லை.

ஐப்பசி 19, ஞாயிறு

செல்லம்மா வெள்ளைக் கோட்டைத் துவைத்து, மழையில் காயாமல், விசிறிக் காய வைத்தாள்.

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

யோசிக்க ஒன்றுமில்லை.

ஐப்பசி 20, திங்கள்

மேகமூட்டம். போகவில்லை.

கோட்டு ஆணியில். வழக்கம்போல் கடைப்பலகைகளைக் கழற்றினேன். செல்லம்மா கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்கட்டுக்குப் போனாள். கடை மூடப்போகிறது என்று விறகுக்காரனை நிறுத்திவிட்டாளாம். இன்று அடுப்புக்குத் தேங்காய் மட்டையும் பழைய பெட்டிப் பலகையும்தான்.

கா.மை. கோர்ட்டுக்குப் போகிற உடுப்பில் வந்து நின்றான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனிடம் ஆள் விட்டுக் கேட்டார்களாம். உள்ளே வரவில்லை. "நீங்க வரலன்னா என்னன்னு சொல்லட்டும்?"

"உனக்குத் தோணினதச் சொல்லு. உன் வழக்கம்தானே."

நின்றான். உள்ளேயிருந்து இருமல். நிற்காத இருமல். கா.மை. செருப்பைக் கழற்றினான், என்னைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனான். குனிந்து ஏதோ சொன்னான், கேட்கவில்லை. அவள் கையிலிருந்து ஊதுகுழலை வாங்கிக்கொண்டு, கோர்ட்டு உடுப்போடு தரையில் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தான். செல்லம்மா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் செய்தது சரி.

என்னை யாரும் கூப்பிடவில்லை.