மூன்றாவது கடைசிக் கச்சேரி

ஜூன், இரண்டாவது சனி

அந்த அமெரிக்கக் கன்ட்ரி ராக் குழுவின் கடைசிக் கச்சேரிக்கு இன்று மூன்றாவது தடவையாகப் போய் வந்தோம். முதல் கடைசி, நாங்கள் கலியாணம் கட்டிய வருடம். இரண்டாவது கடைசியின்போது மகள் வயிற்றில் இருந்தாள். இதுதான் உண்மையான கடைசி என்று இவர் சத்தியம் செய்ததால், என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரி மார்த்தாவைக் கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டேன்.

தொடக்கத்திலிருந்து குழுவில் மிஞ்சியிருப்பவர் வெள்ளைத் தாடிப் பாடகர் ஒருவர்தான். ஐம்பது வருடப் பாட்டுகளையும் பாடி முடித்து அவர் விடைபெற்றபோது, இவர் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். உடனே பாடகர் வாய் தவறி, அடுத்த வருடம் சந்திப்போம் என்றுவிட்டார்.

திரும்பி வரும்போது ரெயினில் இவரைக் கேட்டேன். "கடைசி எண்டு சொல்லித்தானே கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"நாங்கள் வெளிக்கிடேக்கை போறன் எண்டோ சொல்லுறனாங்கள்? போட்டு வாறன் எண்டுதானே சொல்லுறது. அவையின்ரை பாஷையிலை அந்தச் சொல்லு இல்லையப்பா."

கோபத்தைப் பிடித்துவைக்கப் பார்த்தேன். நாங்கள் இறங்கும் டூட்டிங் ஸ்டேஷன் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

மார்த்தாவிடம் இதுதான் கடைசி உதவி என்று சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை அவளுக்கும் 'போட்டு வாறன்' சொல்லிக்கொடுக்க வேண்டும்.