குப்பையில் போட்ட கரிப்பொடி

ஐப்பசி 7, இரவு.

லேபைக் கூட்டித் துடைக்கும் செல்வி இன்று ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தாள். கம்மாபுரத்தில் அவள் வீட்டு போர்வெல் தண்ணீர். பழுப்பாகத்தான் வரும் என்பாள். இது கண்ணாடி மாதிரி இருந்தது.

"உங்க கரிப்பொடிதான் மேடம். குப்பைல கெடந்தத எடுத்துகினு போயி கொடத்துல கலக்கி, துணில வடிகட்டுனன்."

பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். அது வேலை முடிந்த பொடி. ஒரு மாதமாகச் சோதனைக் கழிவுநீரிலிருந்து சாயத்தையும் ஈயத்தையும் உறிஞ்சி நிரம்பியது. நல்ல தண்ணீரில் விழுந்தால் திரும்பக் கக்கும். அதற்கென்று தனி டப்பா இருக்கிறது. சோம்பல்பட்டு நான்தான் குப்பைத்தொட்டியில் தட்டினேன்.

"யார் குடிச்சீங்க?"

"பாப்பாவுக்கு மட்டுந்தான் குடுத்தன். நாலு நாளா."

லேபுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நீலச் சாயத் தண்ணீரில் புதுப் பொடியைப் போட்டுத் தெளிய வைத்துக் காட்டுவேன். "பாருங்க, சுத்தமாயிடுச்சு" என்பேன். துடைப்பத்தோடு அவளும் பார்த்துக்கொண்டுதானே நின்றாள்.

குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுத்தோம். ரிசல்ட் நாளைக்குத்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது செல்வி மெதுவாகக் கேட்டாள்:

"பொடிய நான் கொஞ்சம் அதிகமா போட்டுட்டனா மேடம்?"

இல்லை, தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை.