வாசல்படியில் இரண்டு பேர்

லிடியா அப்பாவுக்கு,

நேரில் சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதி, உங்கள் காபி டம்ளருக்கு அடியில் வைக்கிறேன்.

கல்யாணப் பூசையில் என் கையைப் பிடித்தபோது உங்கள் உள்ளங்கை நனைந்திருந்தது. உங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. என்னைப் பார்த்துத்தான் அப்படி என்று எத்தனை வருஷம் பெருமைப்பட்டிருக்கிறேன்!

புதுசில் கொடைக்கானலுக்குக் கிளம்பினோமே, கொடைரோட்டில் ரயிலை விட்டு மலை பஸ்ஸில் ஏறியதுமே "இறங்கிருவோம்" என்றீர்கள். ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்காலம் வரை பன்னீர் திராட்சை தின்றோம். என்னோடு தனியாக இருக்கத்தான் என்று நினைத்தேன். அதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்கவில்லை.

கோயிலிலும் நீங்கள் வாசல்படிதான். "உள்ள வாங்களேன்" என்றால், "இங்கதான் காத்து வருது, நீ போ" என்பீர்கள்.

போன மாதம் மூச்சு முட்டி, "செத்துருவேன் போலருக்கு" என்று என் கையைப் பிடித்தீர்கள். அதே ஈரம். இருதயத்தில் ஒன்றுமில்லை, பயம் திடீரென்று உடம்பைப் பிடித்துக்கொள்கிற நோய், வைத்தியம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு நீங்கள் தெருவிலேயே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புங்கள். நான் பெண்கள் பக்கம் போகப்போவதில்லை. வாசல்படியில் இரண்டு பேர் நிற்கலாம்.

உங்களைக் கைப்பிடித்தவள்