மாடி அரங்கத்துக்கு என் சிபாரிசு

மார்ச் 6, திங்கள்

மாணவர்களின் திரைக்கதைகள் மேசையில் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றிலும் மழை பெய்கிறது. யாராவது அழ வேண்டுமென்றால் இந்தப் பிள்ளைகளுக்கு உடனே மழை வேண்டும். வெயிலில் யாரும் அழுததே இல்லையா?

இதற்கு நடுவில் எங்கள் திரைக்கதை ஆய்வுச் சங்கத்திலிருந்து அஞ்சல். அடுத்த வருடம் ஜூனில் நடக்கும் உலகத் திரைக்கதை ஆய்வு மாநாட்டுக்கு இடம் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். குழுவில் மூன்று பேர். சங்கத் தலைவர் அம்மா, வீடியோவில் எப்போது பார்த்தாலும் தூக்கக் கலக்கத்திலேயே இருக்கும் ஒரு பேராசிரியர், பிறகு நான். மூன்று இடங்கள் கேட்டிருக்கின்றன. ஒரு கடலோரப் பல்கலைக்கழகம், ஒரு மலைக் கல்லூரி, அப்புறம் எங்கள் ஊர் திரைப்படப் பயிற்சிக் கூடம். நான் வேலை பார்க்கிற கல்லூரி இல்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது.

அக்காவிடம் சொன்னேன். "நம்ம ஊரா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நெசமா நம்ம ஊரா?"

மார்ச் 8

சங்கத்தை ஆரம்பித்தவர்களில் அக்காவும் ஒருத்தி. என்னை அதில் இழுத்துவிட்டதே அவள்தான். ஒரு மாநாடு விடமாட்டாள். முதலில் கால் தளர்ந்தது. தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் வியாதி. இப்போது மூச்சு வரைக்கும் வந்துவிட்டது. அத்தான் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். மூன்று வருடமாக நான் மட்டும் மாநாட்டுக்குப் போய் வருகிறேன்.

இன்று காலை பிடித்துக்கொண்டாள். "உன்ன அனுப்பிட்டு நாலு நாளா வாசலயே பாத்துட்டு உக்காந்திருக்கேன். நீ வந்து என்ன சொல்ற? 'நல்லா இருந்துதுக்கா.' அவ்வளவுதான். இந்த லட்சணத்துல நீ பிள்ளைங்களுக்குத் திரைக்கதை சொல்லித் தர்றியாம்."

உள்ளதை எல்லாம் சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத்தானே தெரியும்.

எங்கள் ஊர்க்காரர்கள் விண்ணப்பத்தையே திரைக்கதையாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள்! 'காட்சி ஒன்று. வெளிப்புறம். பகல். விருந்தினர்கள் காரிலிருந்து இறங்குகிறார்கள். அகலமான லிஃப்ட் அவர்களை மாடி அரங்கத்துக்கு ஏற்றிச் செல்கிறது. சிவப்பு இருக்கைகள். கைதட்டல்.' சத்தமாகப் படித்துக் காட்டினேன். அக்கா சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஆனால் லிஃப்ட் வரும் இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

மார்ச் 13

டாக்டரிடம் போனோம். விமானம் கூடாது. நீண்ட பயணம் எதுவும் கூடாது. "பக்கத்துல எங்கயாவது?" என்று அக்கா கேட்டாள். "பக்கத்துலன்னா தாராளமா போயிட்டு வாங்கம்மா."

அவள் நாற்காலியை நர்ஸ் வெளியே தள்ளிக்கொண்டு போனதும் நான் மட்டும் நின்று, அடுத்த ஜூன் என்று ஆரம்பித்தேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "அத இப்பப் பேச வேணாமே," என்றார்.

காரில் அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 18, சனி

பயிற்சிக் கூடத்தைப் பார்வையிட்டேன். இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் உறுப்பினர்தான் போக வேண்டும் என்பது சங்க வழக்கம். அதுவும் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தெருவிலிருந்து மேடை வரைக்கும் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். ஒரு வருடம், நாற்காலியில் வந்த ஒருவரை மாடிக்கு ஏற்ற வழியில்லாமல், கீழே நடைபாதையில் இருந்தபடி ஃபோனில் கட்டுரை வாசிக்க வைத்தார்கள். அன்றைக்கு அக்கா போட்ட சண்டையில் வந்த விதி இது. அப்போது அவள் ஊரையே இரண்டு சுற்று நடந்து வருவாள்.

அவளுடைய பழைய நாற்காலியைக் காரில் போட்டுக்கொண்டு போனேன். கூடத்தின் இயக்குநருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆயிடும்'. எது கேட்டாலும் அதுதான் பதில். தங்கமான மனிதர், ஆனால் ஒன்றும் ஆகாது. வாசலிலிருந்து அவரே என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார், படிக்கட்டு வரைக்கும்.

கதாநாயகி இறங்கி வருவதற்கென்றே கட்டின மாதிரி படிக்கட்டு. பக்கத்தில் ப்ளைவுட் அடித்து மூடின ஒரு பொந்து. அதன்மேல் மாணவர் பட விழா போஸ்டர்.

"லிஃப்ட் எங்க சார்?"

"அதான் மேடம், அங்கதான் வரப்போகுது."

"இருக்குன்னு எழுதியிருக்கீங்களே!"

மனிதர் உண்மையிலேயே குழம்பிப்போனார். "நம்ம தொழில்ல இல்லாதத இருக்கிற மாதிரிதானே மேடம் எழுதுவோம்? நீங்களே அப்படித்தானே சொல்லித் தர்றீங்க? அடுத்த வருஷம்தானே மாநாடு. ஆயிடும்."

எழுந்து நடந்து மேலே போய்ப் பார்த்தேன். அரங்கம் அழகாகத்தான் இருக்கிறது. பாழாய்ப்போக.

மார்ச் 19

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? என் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன, லிஃப்ட் கம்பி நீட்டிடுச்சா?" என்றாள்.

சொன்னேன். கடலோரம் என்று எழுதிவிடுகிறேன், அங்கே எல்லாம் தரைத்தளம் என்றேன். சரி என்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் விதியாயிற்றே.

"எழுதாத."

"என்னக்கா?"

"இல்லன்னு எழுதாத. அவங்க கட்டுவாங்க. கட்டலன்னா நாலு பேரு என்னத் தூக்கிட்டுப் போகட்டும். எனக்கென்ன வெக்கம்?"

"நீ போட்ட விதிக்கா இது."

"ஆமா, போட்டேன். அப்ப எனக்குக் கால் இருந்துதுடி."

அப்புறம் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "ஒரு தடவ. ஒரே ஒரு தடவ அவங்களோட உக்காந்து, எவனாவது உளறுறதக் கேட்டு, கை தூக்கி ஒரு கேள்வி கேக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அக்கா எதற்கும் யாரிடமும் கெஞ்சினவள் இல்லை. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மார்ச் 22

எழுதிவிட்டேன். 'மாடி அரங்கத்துக்கு லிஃப்ட் வசதி உண்டு. சக்கர நாற்காலியில் சென்று பார்த்தேன். சிபாரிசு செய்கிறேன்.'

மாணவன் இப்படி எழுதியிருந்தால், நம்புகிற மாதிரி இருக்கிறது என்று மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஏப்ரல் 4

வாக்கெடுப்பு. தூக்கக்காரர் கடலோரம் என்றார். நான் எங்கள் ஊர். தலைவர் அம்மா கொஞ்சம் யோசித்தார். "நீங்களே நாற்காலியில போய்ப் பாத்திருக்கீங்க, அப்புறம் என்ன?" என்று எங்கள் ஊருக்குக் கை தூக்கினார்.

அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். நான் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குழந்தை மாதிரி.

மே 11

பழைய நண்பர்களுக்கு ஒருவர் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள். 'இந்த முறை வந்தே ஆக வேண்டும். வாசலில் நான் இருப்பேன்.' விரல் ஒத்துழைக்காதபோது என்னை எழுதச் சொல்கிறாள். எந்த வரிசையில் உட்காருவது என்று தினமும் பட்டிமன்றம். முன்வரிசையில் கழுத்து வலிக்குமாம். கடைசி வரிசையில் என்னை மாதிரி சோம்பேறிகள் உட்காருவார்களாம்.

இப்படி அவள் பேசி எவ்வளவு நாளாயிற்று! தப்புச் செய்தேனா? செய்தேன். மறுபடியும் செய்வேனா? தெரியவில்லை.

ஜூலை 20

ஆயிடுமுக்கு ஃபோன். அனுமதி வரவில்லையாம். "வந்துட்டா மளமளன்னு ஆயிடும் மேடம்."

செப்டம்பர் 10, ஞாயிறு

லிஃப்ட் வராது என்று அக்காவுக்கும் புரிந்துவிட்டது. பழகிக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்தாள். எங்கள் கட்டடத்தில் முன்பக்கம் சரிவுப்பாதை, பின்பக்கம் படிகள். அந்தப் பின்படிகளில், மேல்வீட்டுக்காரரும் அவர் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். பாதியில் ஒரு பக்கம் சாய்ந்தது. கைப்பிடியை அவள் பிடித்த பிடியில் விரல் எல்லாம் வெளுத்துவிட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

கீழே இறக்கினதும், "ஜாலியா இருக்கு, ராட்டினம் மாதிரி," என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அறைக்கு வந்த பிறகு பார்க்கிறேன், உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கிறது. போர்வையை இழுத்துவிட்டேன். "அடுத்த ஞாயிறும் வரச் சொல்லு," என்றாள்.

அக்டோபர் 1

இன்றும் தூக்கினார்கள். இன்றும் நடுங்கினாள்.

நவம்பர் 14

மருத்துவமனை. மூச்சுக்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். பேச முடியாது. என் உள்ளங்கையில் விரலால் எழுதுகிறாள். 'ஜூன்' என்று எழுதினாள். ஆமாக்கா, ஜூன் என்றேன்.

டிசம்பர் 2

காலையில் போய்விட்டாள்.

டிசம்பர் 5

அக்கா.

டிசம்பர் 21

உலகம் முழுவதிலிருந்தும் இரங்கல் அஞ்சல்கள். அவள் எழுதினதைத்தான் எல்லோரும் திருப்பி எழுதுகிறார்கள்: வாசலில் இருப்பேன் என்றாளே, வாசலில் இருப்பேன் என்றாளே. நிறுத்துங்களேன்.

பிப்ரவரி 12

ஆய்வு மாணவி ஒருத்தியிடமிருந்து அஞ்சல். முன்பின் தெரியாதவள். 'நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். உங்கள் மாநாட்டுக்கு வர வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எங்கே எழுதிக் கேட்டாலும் பூசி மெழுகுவார்கள். நாற்காலியிலேயே போய்ப் பார்த்ததாக நீங்கள் எழுதியிருந்ததைச் சங்க இணையதளத்தில் படித்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. டிக்கெட் எடுத்துவிட்டேன். மிக்க நன்றி.'

நன்றியாம்.

ப்ளைவுட்டும் போஸ்டரும் அப்படியே இருக்கின்றன. நேற்றுதான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாருக்காகப் பொய் சொன்னேனோ அவள் இல்லை. பொய் மட்டும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பெண்ணையும் நாலு பேர் தூக்குவார்களா? அவளும் கண்ணை மூடிக்கொண்டு ஜாலியா இருக்கு என்று சொல்ல வேண்டுமா? முடியாது. என்னால் முடியாது.

பிப்ரவரி 14

தலைவர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் அவர் முகம் அசையவே இல்லை, இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு கேட்டார்: "உங்க அக்காவுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா என்னக் கொன்னுருப்பா."

"அவங்க அப்படித்தான்," என்றார்.

குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எடுக்க வேண்டியதுதான். அக்காவுக்குத் தெரியாது என்ற இந்த இரண்டாவது பொய்க்கு மட்டும் எனக்கு வருத்தமே இல்லை.

மார்ச் 2

தலைவர் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். ஆயிடும் பேயறைந்த மாதிரி கூடவே நடந்தார். மாடியைப் பார்த்தோம். திட்டு வாங்கினோம், அவரும் நானும் சமமாக. திரும்பும்போது தலைவர் அம்மா வளாகத்தின் மூலையில் இருந்த ஒரு பெரிய இரும்புக் கதவைக் காட்டி, "அது என்ன?" என்று கேட்டார்.

"அது படப்பிடிப்புத் தளம்ங்க. பழசு. செட்டு போடுவோம். விருந்தாளிங்களக் கூட்டிட்டுப் போற எடமில்ல."

திறக்கச் சொன்னார். தரையோடு தரையாகக் கதவு. செட்டுச் சாமான் ஏற்றின லாரியே நேராக உள்ளே போகும். ஒரு படி கிடையாது. அரங்கத்தைவிடப் பெரிது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பஞ்சு வைத்திருக்கிறார்கள். நாற்காலி போட்டால் தீர்ந்தது. "இங்கயே வெச்சுக்கலாமே," என்றார், அவ்வளவு சாதாரணமாக.

பார்வையிட வந்த அன்றைக்கு நான் காரை நிறுத்தியதே இந்தக் கதவுக்கு முன்னால்தான். நாங்கள் யாரும் இதைப் பார்க்கவே இல்லை. எல்லோர் மண்டையிலும் சிவப்பு இருக்கைதான். இல்லை என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால், வேறு இடம் உண்டா என்று அன்றைக்கே யாராவது கேட்டிருப்பார்கள். கடலோரத்துக்கே போயிருக்குமோ என்னமோ. ஆனால் கேட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து பின்படிகளில் உட்கார்ந்தேன். மேல்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனார்.

ஜூன் 17, திங்கள்

மாநாடு தொடங்கியது. படப்பிடிப்புத் தளத்தின் இரும்புக் கதவருகே, பெயர் அட்டை கொடுக்கும் மேசையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அக்காவின் நண்பர்கள் வந்தார்கள். சிலர் கட்டிக்கொண்டார்கள். சிலர் வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு உள்ளே போனார்கள்.

அந்தப் பெண்ணும் வந்தாள். நினைத்ததைவிடச் சின்னவள், படபடவென்று பேசுகிறாள். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கையைக் காட்டினேன். உதவிக்கு எழுந்தேன், அதற்குள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, பக்கத்தில் வந்த ஒருத்தியோடு ஏதோ வாதம் பண்ணிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். வாசலை அவள் கவனிக்கக்கூட இல்லை.

இவ்வளவு சுலபமா இருந்துதுக்கா.