லோடை இறக்கிவிட்டுப் படி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ நலமா என்று இத்தனை நாளும் வழக்கத்துக்குக் கேட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் பதில் வேண்டும் என்று கேட்கிறேன். இதைப் பிரிக்கும்போது உன் வண்டியில் லோடு இருந்தால் மேற்கொண்டு படிக்காதே. முதலில் கல்லை இறக்கு, சக்கரத்துக்குக் கட்டை போடு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வை, அப்புறம் நிழலில் உட்கார்ந்து படி. அம்மா ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொண்டே இறக்குடா.

ஐந்து நாளாக உன் போனுக்கு அடித்துக்கொண்டிருக்கிறோம். தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெண்ணுக்கே தொண்டை கட்டியிருக்கும். குவாரி ஆபீஸ் நம்பரில் ஒரே ஒரு தடவை ஆள் எடுத்தான், "உங்க பையனா, மேல லோடு நடை அடிச்சிட்டு இருப்பாரு, வந்தா சொல்றேம்மா" என்றான். வண்டியை நிறுத்தச் சொல்லப்பா, அடியில் சேஸிச் சட்டம் உடையப் போகிறது என்று நான் கத்த, "அதெல்லாம் இங்க ஃபிட்டர் பாத்துக்குவாரும்மா" என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் அந்த நம்பரும் எடுக்கவில்லை. அதனால்தான் உங்கள் குவாரிக்கு டீசல் கொண்டு வருகிற டேங்கர் டிரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஆமை மாதிரி ஊர்கிற மனுஷருக்கு அவசரம் என்று பெயர் வைத்தது நீதானே, இந்த ஒரு தடவையாவது பெயருக்கு ஏற்ற மாதிரி போங்கள் அண்ணா என்று கெஞ்சியிருக்கிறேன். நானும் கூடவே ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், எண்ணெய் வண்டியில் ஆள் ஏற்றினால் கேட்டிலேயே சீட்டைக் கிழித்துவிடுவார்களாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை உன் மாமா வண்டி நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. செங்கல் லோடு, பள்ளிக்கூடத்து வளைவு, நடந்து போகிறவன் முந்திக்கொண்டு போகிற வேகம்தான். படார் என்று ஒரு சத்தம், பின்பக்கம் அப்படியே இடது பக்கமாகச் சரிந்து, கல் முழுக்க ரோட்டில். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது, யார் மேலும் விழவில்லை, மாமாவுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவன் என்னிடம் சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. பட்டறை வாசலில் வந்து நின்று, "அக்கா, நீயே வந்து ஒரு தடவ பாரு" என்றான், அவ்வளவுதான். நான் ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்து போய் டார்ச் அடித்தேன். பழைய விரிசலுக்கு நான் வைத்த இரும்பு பிளேட் வைத்தபடி இருக்கிறது, என் வெல்டு ஒரு இழைகூட விடவில்லை, ஆனால் அந்த வெல்டு முடிகிற இடத்தை ஒட்டினாற்போல சேஸிச் சட்டம் கீழிருந்து மேல் வரைக்கும் கத்தியால் அறுத்த மாதிரி பிளந்து கிடக்கிறது.

இருபத்திரண்டு வருஷமாக வெல்டிங் ராடு பிடிக்கிற கை இது. விரிசல் விட்ட சேஸிக்கு நான் எப்படிப் பிளேட் வைப்பேன் என்று நீ பக்கத்தில் நின்று பார்த்தவன், உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விரிசல் நுனியில் ஓட்டை போட்டு, விரிசலை அடைத்து, மேலே வைக்கிற பிளேட்டின் இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி, நீளவாக்கில் மட்டும் விட்டு விட்டுப் பற்றவைத்து, முனையையும் சட்டத்தின் கீழ் விளிம்பையும் தொடாமல் விட்டுவிடுவேன். லோடு ஏறினால் சட்டம் கொஞ்சம் நெளியும், அதற்கு இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் வெல்டு ஓரத்திலேயே பிளந்துவிடும். ஊரான் வண்டிக்கெல்லாம் எனக்கு அந்த நிதானம் இருந்தது, உன் வண்டிக்கு இல்லாமல் போய்விட்டது. விடிந்தால் நீ கிளம்புகிறாய், மலைப்பாதை, கல் லோடு. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அத்தனை ஆத்திரத்தையும் பாசத்தையும் அந்த இரும்பில்தான் காட்டத் தெரிந்தது. பிளேட்டைச் சதுரமாகவே வைத்து நாலு பக்கமும் வெல்டு இழுத்தேன், அதன் மேல் இன்னொரு சுற்று, போதாதென்று கீழ் விளிம்பில் குறுக்காக வேறு. நீ குனிந்து பார்த்து, "போதும்மா, இரும்பு வெந்துடும்" என்றாய். நேற்றுப் பிறந்த பயல் எனக்குச் சொல்ல வந்துவிட்டாயா என்று உன் வாயை அடைத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அதற்காக மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலை செய்த காக்கை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்கு முந்தின வாரம் என் தம்பி வண்டிக்கும் இதே செல்லம் கொடுத்திருந்தேன். மற்ற யாருக்கும் இல்லை, நன்றாக யோசித்துவிட்டேன், இந்த இரண்டுக்கு மட்டும்தான். அதே மாதத்தில் செய்த பால் வண்டியை நேற்று வழியில் மறித்து நிறுத்தி அடியில் புகுந்து பார்த்தேன், புதுசு மாதிரி இருக்கிறது. அந்த டிரைவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியாகப் பேசினபோது நீ என்ன சொன்னாய்? பின் கதவுக் கொக்கி சரியாக விழ மாட்டேன் என்கிறது, ஒரு பக்கம் இடிக்கிறது என்று சொன்னாய். துருப் பிடித்திருக்கும், எண்ணெய் விடுடா சோம்பேறி என்று நான் சொன்னேன். உன் வண்டிக்கும் அப்படி ஏதாவது இருந்ததா என்று மாமாவிடம் இப்போது கேட்டால், "ஆமாக்கா, ஒரு வாரமாவே பின் கதவு கொக்கி விழல, நான்தான் சுத்தியால தட்டித் தட்டி மாட்டிட்டு இருந்தேன்" என்கிறான். சட்டம் உள்ளே இறங்க ஆரம்பித்தால் மேலே கதவு கோணிக்கொள்ளும், இது எனக்குத் தெரியாத விஷயமா? நீ அதைச் சொல்லி இன்றைக்குப் பதினோரு நாள் ஆகிறது.

ஆகையால் நான் சொல்கிறபடி செய். இடது பக்கப் பின் சக்கரத்துக்கு முன்னால், பிளேட் முடிகிற இடத்தில், டீசலில் துணியை நனைத்து மசகையும் தூசியையும் துடைத்துவிட்டுப் பார். முடி மாதிரி ஒரு கோடு, அதன் ஓரத்தில் செம்மண் நிறத்தில் பொடி தெரிந்தால் அதுதான். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் வண்டியை நகர்த்தாதே. ஒரே ஒரு நடை மட்டும் அடித்துவிட்டு நிறுத்து என்று சூப்பர்வைசர் குழைவார், அந்த ஒரே ஒரு நடைக்குத்தான் நான் பயப்படுகிறேன். எங்கம்மா ராட்சசி, வந்தால் உங்கள் ஆபீஸையே பிரித்துப் போட்டுவிடுவாள் என்று என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள், பொய்யும் இல்லை. அங்கே இருக்கிற ஃபிட்டர் கையில் மட்டும் விட்டுவிடாதே, அவர் நல்ல எண்ணத்தில் விரிசல் மேலேயே இன்னும் நாலு ராடு எரித்துவைப்பார். குவாரிக்குள் வரக் கேட் பாஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைத்ததும் நானே வந்து எல்லாவற்றையும் அறுத்தெடுத்து, ஊரான் வண்டிக்குச் செய்கிற மாதிரி ஒழுங்காகச் செய்து தருகிறேன்.

வீட்டில் சொல்லும்படி ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. டயர் கடையில் மத்தியானம் சாய்ந்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத மனுஷர், இப்போது ஐந்து நாளாகக் கண்ணை மூடவில்லை, ஒரு கையில் ஸ்பானரும் ஒரு கையில் போனுமாக உன் நம்பரையே அடித்துக்கொண்டிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உன் வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தோம், ஆனால் இன்றைக்குக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்தை, உங்க தம்பி வண்டிக்கும் இவரு வண்டிக்கும் ஒரே நேரத்துலதானே வேல பாத்தீங்க" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன், பாசம் வந்தாலும் கத்துவேன், நீ அதையெல்லாம் பெரிசாக எடுத்துக்கொண்டதில்லை. நீ சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்காகவாவது பத்திரமாக இரு. வேளைக்குச் சாப்பிடு. நூறு வயசு நன்றாக இரு ராசா, என் ஆயுசிலும் பாதி உனக்கு.

ஒரு விஷயம் மறக்காதே. டேங்கர்க்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், இதை உன் கையில்தான் கொடுக்க வேண்டும். ஆபீஸில் கொடுக்கக் கூடாது, உன் அறையில் இருக்கிறவரிடம் கொடுக்கக் கூடாது, நீ இல்லை என்று யார் சொன்னாலும் பிரிக்காமல் என்னிடமே திருப்பிக் கொண்டு வந்துவிட வேண்டும். நீயே வந்து வாங்கிக்கொள். சனிக்கிழமை அவர் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். அந்த மனுஷர் வெறுங்கையோடு இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா