மணிக்கூட்டைத் திருப்பிய மச்சான்

என் உயிர் மச்சான் நௌபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன் கபுரை விசாலமாக்கி வெளிச்சமாக்கி வைக்கட்டும். துஆவை முதலில் கேட்டுவிட்டேன், இனி என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உன்மேல் கொஞ்சம், உன்னைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் மேல் நிறைய. நீ மௌத்தாகி, உன்னை அடக்கி மாதங்கள் போய்விட்டன, பொறாமை மட்டும் போகவில்லை. மௌத்தானவனை நினைத்துப் பொறாமைப்படலாமா என்று எந்த மௌலவியிடம் போய்க் கேட்பது?

ஊர்ப் புதினம் கேள். நோன்பு பிறந்துவிட்டது, கூடவே மழையும். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கொம்பியூட்டர் எல்லாம் செத்துவிடும் என்று கல்முனை முழுக்கக் கதை. வகுப்புக்கு வரும் பிள்ளைகள், “சேர், ஜனவரிக்குப் பிறகு எங்கட சேட்டிபிக்கட் செல்லுமா?” என்று கேட்கிறார்கள். சம்மாந்துறையிலிருந்து ஒரு மில்காரர் வந்து தன் கல்குலேட்டரைக் காட்டி, இதற்கும் ஏதும் வருமா என்றார். நீ இருந்திருந்தால் அவரை உட்காரவைத்து ஒரு மணித்தியாலம் விளக்கம் சொல்லியிருப்பாய். நான் “ஒண்டும் வராது ஹாஜியார்” என்று அனுப்பிவிட்டேன்.

துணிக்கடைக்கு மேல்மாடியில் நாம் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்கியபோது நீ எனக்கு வெறும் சிநேகிதன்தான். பிறகு என் தங்கச்சி பரீதாவைக் கட்டி, நம் பகுதி வழக்கப்படி மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்கே குடிவந்தாய். கலியாணத்தன்று மாப்பிள்ளையைவிட நான்தான் அதிகம் சிரித்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பகலில் வகுப்பில் நீ, இரவில் சாப்பாட்டில் நீ. இனி இவன் முழுக்க என் ஆள் என்று நினைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பில் வேலை செய்யும் அன்சார் அங்கிருந்து அந்தப் பழைய சிடியைக் கொண்டுவந்தான். லினக்ஸ், கொம்பியூட்டரை இயக்கும் மென்பொருள். யாரும் யாருக்கும் விற்காதது, ஒருவரையொருவர் காணாத ஆட்கள் உலகம் பூராவும் இருந்து சேர்ந்து செய்தது, விரும்பியவன் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்று விட்டுவைத்தது. நீ அதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட நீ அப்படி இருக்கவில்லை.

பிறகு என்ன? திரை கறுத்துப்போய் நின்றது. மொனிட்டர் கீச்சென்று கத்தியது. மவுஸ் ஒரு கிழமை உயிரில்லாமல் கிடந்தது. பிரிண்டரில் கடிதம் அடித்தால் வரிகள் படிக்கட்டில் இறங்குவதுபோல் தாளின் வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தன. கரண்ட் போய் வந்தால் அது தன்னைத் தானே சோதித்து முடிக்கும்வரை நீ கைகட்டிக் காத்திருப்பாய். லினக்ஸின் அடையாளமாகத் திரையில் வரும் பென்குயினைப் பிள்ளைகள் வாத்து என்றார்கள். நீ எதையாவது மாற்றினால் லினக்ஸ் தன்னைப் புதிதாகக் கட்டி முடிக்க மத்தியான லுஹரிலிருந்து பின்னேர அஸர்வரை ஆகும். அத்தனை நேரமும் வகுப்பை நான் தனியாக நடத்துவேன்.

நீ கொம்பியூட்டர்ப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பரீதா ஒருநாள் அண்ணனான என்னிடம் முறையிட்டாள்.

“காக்கா, ஒங்கட கூட்டாளி எனக்குச் சக்களத்தி ஒண்டக் கொண்டுவந்து வச்சிரிக்காரு. போட்ட சோறு ஆறிப் போகுது. அவரு பெட்டியோட கதைச்சிட்டு இரிக்காரு.”

நான் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று உள்ளுக்குள் தெரிந்தது.

முந்தின வருஷத்து நோன்பை மறந்திருக்கமாட்டாய். தொழுகை நேரங்களைக் காட்டும் சின்ன ஜன்னல் ஒன்றை நீயே நிரல் எழுதித் திரையின் மூலையில் வைத்திருந்தாய். அன்று பின்னேரம் பெருமழை. தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை, பள்ளிவாசல் பாங்கு எங்கே கேட்கும்? வானம் வேறு அஸரிலிருந்தே இருண்டு கிடந்தது. நோன்பு திறக்க மூன்று பேரும் கஞ்சிக் கோப்பைகளோடு உன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

“மச்சான், என்ட மணிக்கூட்டில இன்னும் அரை மணித்தியாலம் இரிக்கி” என்றேன்.

“ஒன்ட மணிக்கூட்டத் திருப்பு. இது உலக நேரத்த வச்சுக் கணக்குப் பாக்கிற சாமான்.”

நான் திருப்பினேன், மச்சான். கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி, உன் பெட்டி சொன்ன நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்தேன். பெட்டி கூவியது. நீ ஈத்தம்பழத்தைக் கடித்தாய், நானும் கடித்தேன். பரீதா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“நான் பாங்கு கேட்டுத்தான் தொறப்பன்.”

கஞ்சி முடிந்து, ரோல்ஸும் முடிந்து, நீ தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தபோது மழை சற்று விட்டது. அப்போது வந்தது பாங்கு. ஒரு பள்ளியில் தொடங்கி, அடுத்த பள்ளி, அதற்கடுத்த பள்ளி. நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பரீதா ஆறுதலாக ஒரு ஈத்தம்பழத்தை எடுத்து, பிஸ்மி சொல்லி வாயில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“ரெண்டு பேரும் பெருநாள் முடியக் களா புடிங்க.”

காரணத்தை நீதான் கண்டுபிடித்தாய். நம் நாட்டில் அரசாங்கத்தார் முதலில் எல்லா மணிக்கூட்டு முள்ளையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், சில மாதம் கழித்து அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார்கள். அந்தச் சிடி இந்த இரண்டுக்கும் நடுவில் செய்யப்பட்டது. தள்ளியது அதற்குத் தெரியும், இழுத்தது தெரியாது, அதனால் அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. உம்மா இரண்டையும் ஏற்காமல் சுவர் மணிக்கூட்டைப் பழைய நேரத்திலேயே ஓடவிட்டிருந்ததால் அதையும் யாரும் பார்க்கவில்லை. பெருநாள் முடிந்து நாம் இருவரும் ஒரே நாளில், முறிந்த நோன்புக்கு ஈடான அந்தக் களா நோன்பைப் பிடித்தோம். உண்மையைச் சொன்னால், நான் பிடித்த நோன்புகளில் அதைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். நாம் இருவர் மட்டும் பசியோடு, ஊரெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்க.

அந்த வெட்கம் நமக்குள் கிடந்திருக்கலாம். நீ அதை அந்த லினக்ஸ்காரர்களுக்கு எழுதி அனுப்பினாய். கல்முனையிலிருந்து மின்னஞ்சல் அனுப்பும் வழி உனக்கு அன்சார்தான். நீ புளொப்பித் தட்டில் எழுதிக் கொடுப்பாய், அவன் கொழும்பு பஸ்ஸில் கொண்டுபோய்த் தன் கந்தோரிலிருந்து அனுப்புவான், பதில்களை அதே புளொப்பியில் திருப்பிக் கொண்டுவருவான். சோதனைச் சாவடியில் கேட்டால், “கொம்பியூட்டர் கடுதாசி சேர்” என்பானாம்.

பதில் எழுதியவன் ஜெர்மனிக்காரன் ஹோல்கர். அந்தப் பிழை புதிய பதிப்பில் எப்போதோ திருத்தப்பட்டுவிட்டது, ஆனாலும் இப்படிப் பசியோடு அதைக் கண்டுபிடித்தவர் வேறு யாரும் இல்லை, மணிக்கூட்டைத் திருப்பிய மச்சானுக்கு எங்கள் எல்லாருடைய சலாமும் என்று எழுதியிருந்தான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காணாத ஊர்களில் எல்லாம் நான் ஒரு பகிடியாகிவிட்டேன், அதை விற்றவன் நீ.

அன்றிலிருந்து நீ அவர்களுடையவன். உன் ஜன்னல் நிரலை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நீ கல்முனை, அக்கரைப்பற்று, ஒலுவில் தொழுகை நேரங்களைப் போட்டாய், அவர்கள் தங்கள் ஊர்களைச் சேர்த்தார்கள். உன் பெயர் அதற்குள் ஏறியது. அன்சார் வரும் நாளில் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடுவாய். என் மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையைக் கையில் ஏந்தினாய். உன் சட்டைப் பையில் ஒரு புளொப்பி துருத்திக்கொண்டிருந்தது. பிள்ளையின் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, அந்தப் புளொப்பி நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒருமுறை பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“நீ அந்த ஹோல்கரக் கண்டிரிக்கியா?”

“இல்ல.”

“பிறகென்னடா சிநேகிதம்?”

“நான் பிழை செஞ்சா அவனும் சிரிக்கான் மச்சான். ஆனா சிரிச்சுப்போட்டுத் திருத்தித் தாறான். நீ சிரிக்கிறதோட சரி.”

நான் அதற்கும் சிரித்தேன்.

பிறகு அந்தக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றாய், பனடோல் போட்டாய், பெட்டிக்கு முன்னாலேயே படுத்தாய். மட்டக்களப்புக்குக் கொண்டுபோகும் வழியில் வானுக்குள் உன் தலை என் மடியில்தான் இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஹோல்கரின் மடியில் இல்லை, என் மடியில். உன்னைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். கபுருக்குள் இறங்கி உன்னை வாங்கியவனும் நான்.

உனக்காக ஓதிய நாற்பதாம் நாள் கத்தத்துக்கு அன்சார் வந்தான், கையில் புளொப்பி. அவன்தான் உன் மௌத்தை அவர்களுக்கு அறிவித்திருந்தான். கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் பரீதா இருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, “வாசிங்க காக்கா” என்றாள். நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். எங்கள் நௌபர், எங்கள் அன்பு நௌபர் என்று ஒவ்வொருவனும் எழுதியிருந்தான். உங்கள் நௌபரா? எந்த வீட்டு மாப்பிள்ளை அவன்? வாய் வாசித்தது, வயிறு எரிந்தது.

ஹோல்கர் இன்னொன்றும் எழுதியிருந்தான். நிரலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், உன் ஊரிலிருந்து யாரும் முன்வராவிட்டால் தானே பொறுப்பேற்பதாக. நோன்பு என்றால் என்னவென்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நம் ஊரின் தொழுகை நேரத்தைப் பார்த்துக்கொள்வதா? விடமாட்டேன் என்று அன்றே முடிவு எடுத்தேன். எடுத்துவிட்டு உன் நிரலைத் திறந்து பார்த்தால் ஒரு வரி விளங்கவில்லை.

அதிலும் ஒரு கூத்து. பெட்டியின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. பரீதாவுக்குத் தெரிந்திருந்தது! சக்களத்தி என்று ஏசியவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய், ஒரே வகுப்பு நடத்திய எனக்குச் சொல்லவில்லை. “சொல்லு புள்ள” என்றேன். “ஏலா காக்கா, மச்சான் எனக்கிட்ட மட்டும்தான் சொன்னாரு” என்று கீபோர்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் எழுத்துகளை அடித்தாள். இத்தா இருந்த மாதங்களில் அந்த அறையிலேயே இருந்து உன் நிரலை எழுத்தெழுத்தாக வாசித்திருக்கிறாள். என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். அவள்மேலும் பொறாமைதான், என்ன செய்ய.

இந்த நோன்புக்கு முன் ஒருநாள் பெட்டியின் தேதியை வரப்போகும் ஜனவரிக்குத் தள்ளிப் பார்த்தோம். உன் ஜன்னலில் வருஷம் பத்தொன்பதாயிரத்து நூறு என்று வந்தது. முன்னால் வரும் பத்தொன்பதை நீ நிரலில் கையால் எழுதி வைத்திருந்தாய், தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு பெட்டி அதன் பக்கத்தில் நூறைப் போட்டுவிட்டது. பரீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நீ போன பிறகு முதல் தடவையாக.

“மச்சான் நம்மளக் கியாமத்து நாளுக்கும் அங்கால கொண்டுபோய் விட்டிரிக்காரு.”

மில்காரரிடம் ஒன்றும் வராது என்று சொன்னவன் நான். வீட்டிலேயே வந்துவிட்டது. நானும் சிரித்தேன், ஆனால் இந்த முறை சிரித்ததோடு விடவில்லை. இருவரும் முட்டி மோதித் திருத்தினோம். அன்சார் கொண்டுபோனான்.

போன கிழமை பதில் வந்தது. திருத்தம் சரி என்று ஹோல்கர் ஏற்றுக்கொண்டான். நிரல் இனி உங்கள் குடும்பத்தின் பொறுப்பில் இருக்கட்டும், நான் விலகிக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தான். கடைசியில் ஒரு கேள்வி. எங்களில் ஒருவரும் நௌபரின் குரலைக் கேட்டதில்லை, அவன் பெயரை எப்படி உச்சரிப்பது என்றுகூடத் தெரியாது, அவன் எப்படிக் கதைப்பான், எப்படிச் சிரிப்பான் என்று எழுதுவீர்களா என்று.

என் மனம் குளிர்ந்துபோயிற்று, மச்சான். பாவம் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. உன் குரலைக் கேட்டதே இல்லையாம்! நான் எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், போதும் போதும் என்னும்வரை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று முழுக்க இன்னொன்று குடைந்தது. அவனிடம் உன் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. விரும்பிய நேரம் திறந்து வாசிப்பான், நீ புதிதாகப் பேசுவாய். எனக்கு நீ ஒரு வரியாவது எழுதியிருக்கிறாயா? பக்கத்தில் இருந்தவனுக்கு ஏன் எழுதப்போகிறாய்?

அவனுக்குப் பதில் எழுதுவேன், இது வாக்கு. நீ சிரிக்கும்போது தோள் எப்படிக் குலுங்கும், கோபம் வந்தால் எப்படி மெதுவாகக் கதைப்பாய், உன் பெயரை உம்மா எப்படி இழுத்துக் கூப்பிடுவார் எல்லாம் எழுதுவேன். நிரலையும் கைவிடமாட்டேன், பரீதா அந்தக் கடவுச்சொல்லைச் சொல்லாவிட்டாலும். ஆனால் ஒன்றை மட்டும் கொடுக்கமாட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து, ஆளில்லாத இடத்தில் மட்டும் நீ என்னைக் கூப்பிட்ட பெயர் ஒன்று இருக்கிறதே, அது ஹோல்கருக்கு இல்லை, பரீதாவுக்கும் இல்லை. இந்தக் கடிதத்தை வாசிகசாலை மலரில் போடப்போகிறார்கள், நாலு பேர் வாசிப்பார்கள். அதனால் இங்கேயும் அதை எழுதவில்லை.

வாசிக்கிறவர்களுக்கு நான் வெறும்,

உன் மச்சான்.