கடலில் நின்றவளுக்குச் சொன்ன செய்தி

நேற்று உன் மகள் உன் பயணப்பையைக் கொண்டுவந்து தந்தாள். "அன்ரி, இதை நீங்களே வச்சிருங்கோ. வீட்டிலை கிடந்தா அப்பா திறந்து திறந்து பாக்கிறார்" என்றாள். அவள் போனபின் நானும் திறந்துதான் பார்த்தேன். சவர்க்காரம், டீசல், வறுத்த மிளகாய்த்தூள் மூன்றும் கலந்த மணம். எத்தனையோ வருடம் ஹெலிகொப்டரில் உன்னோடு நடுக்கடல் எண்ணெய் மேடைக்கு வேலைக்குப் போய்வந்த பை. உப்புச் சப்பில்லாத டெனிஷ் சாப்பாட்டை அந்தத் தூளால் சரிக்கட்டப்போவதாகச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் புறப்படுவாய்.

டெனிஷ் துறைமுக ஊரான எங்கள் எஸ்பியேரைப் பற்றி யாராவது குறை சொன்னால் உனக்குப் பொறுக்காது. ஹொல்ஸ்டெப்ரோ நகரிலிருந்து வந்த உன் மச்சாள் ஒருமுறை, "இஞ்சை என்ன கிடக்கு, காத்தும் மீன் மணமும்தானே?" என்றதும் நீ தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாய். "டெனிஷ் ஒழுங்காக் கதைக்கத் தெரியாத ஒரு பொம்பிளைக்கு, புருசனிட்டைக் கை நீட்டாமல் வாழுற சம்பளத்தை உங்கடை ஊர் குடுக்குமோ?" என்று கேட்டாய்.

நான் உன் கட்சியில் பாதிதான். எண்ணெய் வந்ததால் வேலை வந்தது, உண்மை. கூடவே வாடகையும் ஏறியது. நல்ல வீடுகளெல்லாம் எண்ணெய்க் கம்பனிக்காரருக்கே போயின. எண்ணெய் விலை சரிந்தால் எங்கள் தெருவில் 'விற்பனைக்கு' என்ற பலகைகள் முளைத்தன. எல்லாவற்றிலும் பெரிய குறை, பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ பாதிக் காலம்தான் வீட்டில். இரண்டு கிழமை கடலில், மூன்று கிழமை கரையில் என்பதுதான் உன் வாழ்க்கை. உன் மகள் பெரியவளான சாமத்தியச் சடங்குக்கு ஐயர் குறித்த நாளில் நீ கடலில். நீ கரையில் நிற்கும் நாள் ஐயருக்குச் சரிவரவில்லை. கடைசியில் ஐயர்தான் பஞ்சாங்கத்தை மடித்து வைத்துவிட்டு, "ஹெலிகொப்டர் எப்ப வருதோ அதுதான் சுபமுகூர்த்தம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எண்ணெய்க் கிணற்று மேடையின் சமையலறைக்கு ஒரு தமிழ்ப் பெண் போனதே ஊர் வாய்க்கு அவல். "பெஞ்சாதி எண்ணெய் றிக்கிலை, புருசன் அடுப்படியிலை" என்று சிரித்தார்கள். உன் கணவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் புட்டு அவிக்கப் பழகினார். உன் புட்டைவிட அவருடையது நல்லது என்று நான் சொன்னபோது நீ இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இந்த ஊரில் எங்கும் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. கடலில் நிற்பவருக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை. அடுத்த ஹெலிகொப்டர் வரும்வரை அவரால் எதுவும் செய்ய முடியாது, சொல்லி ஏன் வதைப்பான் என்பது நியாயம். உன் பக்கத்து வீட்டு டெனிஷ்காரி, செத்துப்போன நாயைப் பற்றிப் புருசன் தொலைபேசியில் விசாரித்தபோது, "நல்லாச் சாப்பிடுது" என்று சொன்னவள். நாங்கள் தமிழர்கள் அந்தச் சட்டத்தை அவர்களைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டோம். உனக்கு மட்டும் அது பிடிக்காது. "என்னைக் குழந்தைப்பிள்ளை எண்டு நினைச்சினமோ?" என்று சினப்பாய்.

போர் முடிந்த அந்த மே மாதம் நீ கடலில் நின்றாய். உன் தம்பி குடும்பத்தோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். முடிந்துவிட்டது என்று மேடையில் தொலைக்காட்சியிலேயே பார்த்துவிட்டாய். தம்பி என்ன ஆனான் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு பின்னேரமும் எனக்குத் தொலைபேசி எடுத்து, "ஏதும் தெரியுமோ?" என்று கேட்பாய். இல்லை என்பேன்.

ஒரு நாள் வவுனியாவிலிருந்து உன் கணவருக்கு அழைப்பு வந்தது. தம்பி போரின் கடைசிக் கிழமையில் எறிகணைச் செல்லடியில் செத்துப்போனான். அவனுடைய மனைவியும் குழந்தையும் முகாமில். உன் கணவர் நேரே என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். "தங்கச்சி, அவ வர இன்னும் நாலு நாள் கிடக்கு. கரைக்கு வரட்டும், நான் சொல்லுறன். நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "அவ கேட்டா நான் பொய் சொல்லமாட்டன், அண்ணை" என்றேன். கோபத்தோடு எழும்பிப் போனார்.

பின்னேரம் உன் அழைப்பு வந்தது. "ஏதும் தெரியுமோ?" என்றாய்.

"இருந்துகொண்டு கேள். தம்பி இல்லையடி."

உன் பின்னால் பாத்திரம் கழுவும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "பெஞ்சாதி பிள்ளை?" என்றாய். இருக்கினம் என்றேன். "சரி, வைக்கிறன்" என்றாய்.

அன்று கடல் முழுக்கப் பனிப்புகார். ஹெலிகொப்டர் ஒன்றும் பறக்கவில்லை. பெரிய சமையற்காரர் உன்னைப் படுக்கச் சொன்னார், நீ மாட்டேன் என்றாய். அந்த மனிதர் ஒரு மூட்டை உருளைக்கிழங்கைத் தூக்கிவந்து உன் பக்கத்தில் இருந்து, வேலை முடியும்வரை உன்னோடு சேர்ந்து தோல் சீவினாராம்.

நீ வந்து இறங்கியபோது உன் கணவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ முதலில் என்னைத்தான் கட்டிப்பிடித்தாய். "நீ சொல்லாட்டி, அவன் செத்துக் கிடக்க நான் அங்கை கிழமைக்குக் கிழமை வெட்டுற சனிக்கிழமைக் கேக்கை வெட்டிக்கொண்டு சிரிச்சிருப்பன். அந்தச் சிரிப்பை நினைச்சு நினைச்சே செத்திருப்பன்" என்றாய். இனிக் கடலுக்குப் போகவேண்டாம், தலைநகருக்குக் கிட்டவுள்ள இஷொய்ப் பக்கம் தமிழ்ச் சனத்தோடு வந்து இரு என்று எல்லோரும் சொன்னார்கள். நீ அடுத்த முறையும் பையைத் தூக்கினாய். தம்பியின் மனைவியும் குழந்தையும் முகாமை விட்டு வெளியேறி நிமிர்ந்தது அந்தச் சம்பளத்தில்தான். இந்த ஊரின் நல்லதைப் பற்றி யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன். கெட்டதைக் கேட்டால், ஒரு அக்கா தம்பிக்காக அழுவதற்குக் கூட ஹெலிகொப்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஊர் என்கிறேன்.

போன ஆவணியில் நான் யாழ்ப்பாணத்தில் நின்றேன். நோயில் கிடந்த உனக்கு வருத்தம் குறைகிறது என்று உன் கணவர் செய்தி அனுப்பியிருந்தார். கோயில் வீதியில் மேளச் சத்தத்துக்கு நடுவில் உன் அழைப்பு வந்தது.

"எங்கையாவது இருந்துகொண்டு கேளடி. டொக்டர் இனி ஏலாதெண்டிட்டார். கனநாள் இல்லையாம். தங்கச்சி ஊரிலை நிம்மதியா நிக்கட்டும், வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு இவர் நிக்கிறார். நீ எனக்குச் சொன்னனி. நான் உனக்குச் சொல்லாமல் விடுவனோ?"

ஒரு கடை வாசற்படியில் இருந்து அழுதேன். நீ பொறுத்திருந்தாய். பிறகு, "சரி, காணும். இப்ப ஊர்ப் புதினம் சொல்லு" என்றாய். தொலைபேசி உயிர்விடும்வரை கதைத்தோம், சிரிக்கவும் செய்தோம்.

கிடைத்த முதல் விமானத்தில் வந்தேன். அதற்குள் நீ கண் திறப்பதை விட்டுவிட்டாய். உன் கணவர் வாசலில் நின்றார். "தங்கச்சி, உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

"அவ சொல்லிட்டா, அண்ணை" என்றேன்.

நீ போனபிறகு, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யாருக்காவது கெட்ட செய்தி வந்தால், மற்றவர்கள் கதவடியில் நின்று ஆளையாள் பார்ப்பார்கள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு எழும்பிப் போவதில்லை.